காலையில் அடிக்க வேண்டிய வரி

அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியாது. அம்புக்குறி விசையை அழுத்திப் பிடித்தால் சற்று யோசித்துவிட்டுத்தான் புள்ளி நகரும். நகர்ந்தாலும் மழையில் குடையில்லாமல் நடக்கும் கிழவரைப் போலத் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போகும். எண்பதுகளின் கடைசியில், ஈப்போவில் ஒரு லோரி கம்பெனியில், அக்காவும் நானும் அந்தத் திரைகளின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே லோரிகள் திரும்பும் முற்றம். அதற்கும் பின்னால் சுண்ணாம்புக் குன்று, கறை வடிந்த சுவர்போல, வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு.

எந்த லோரியில் எத்தனை மூட்டை, எந்த ஊருக்கு. அதை அடிப்பதுதான் வேலை. நான் நிரந்தரமாகிவிட்டேன். அக்கா இன்னும் தகுதிகாண் காலத்தில் இருந்தாள். செமோர் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தை வீடு கட்டுகிறவர்கள் வாங்கிவிட்டார்கள். எங்கள் வரிசை வீடு இருந்த லயத்தைக் காலி செய்யச் சொல்லியாயிற்று. குனோங் ராபாட்டில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். இரண்டு பேருக்கும் நிலையான சம்பளம் இருந்தால்தான் தருவேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஆக, அம்மாவுக்கும் எங்களுக்கும் கூரை என்பது அக்காவின் பத்து விரல்களில் இருந்தது.

அந்த விரல்கள் கனத்த விரல்கள். பள்ளியை விட்டதும் அவள் பால்வெட்டுக்குப் போனவள். கத்தியை அழுத்திப் பிடித்தே பழகிய கை. பிறகு செமோரில் ஒரு டைப்பிங் வகுப்பில், கார்பன் தாளுக்குக் கீழே கடைசி நகலிலும் எழுத்து விழ வேண்டும் என்று குத்திக் குத்திக் கற்றுக்கொண்டாள். விசையைத் தொட்டால் அது அடிமட்டம் வரை போய்ச் சேரும் மட்டும் விரலை எடுக்க மாட்டாள். தட்டச்சு இயந்திரம் அதைப் பொறுத்துக்கொண்டது. அந்தச் சோம்பேறிக் கம்ப்யூட்டரும் பொறுத்துக்கொண்டது. விரல் தங்கினாலும் அது யோசித்துக்கொண்டிருக்கும். அதற்குள் அக்கா கையை எடுத்துவிடுவாள்.

கம்பெனி முதலாளி தவுக்கேதான் பொறுக்கவில்லை. மாலையில் அக்காவின் மெஷினில் அவருடைய மருமகன் உட்கார்ந்து பட்டியல்களைச் சரிபார்ப்பான். புள்ளி நகர்வதற்குள் காப்பி ஆறிவிடுகிறது என்று அவன் புலம்பினான். லூமுட்டிலிருந்து மெஷின் பழுது பார்க்கும் தமிழர் ஒருவர் வந்தார். மெஷினைப் போட்டதும் தானாக ஓடும் கட்டளைகளோடு புதிதாக ஒரு வரியைச் சேர்த்தார். அதில் இரண்டு எண்கள். ஒன்று, பிடித்த விசை எவ்வளவு வேகமாகத் திரும்பத் திரும்ப விழ வேண்டும் என்பதற்கு. மற்றது, விழத் தொடங்குமுன் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு. அவ்வளவுதான். புள்ளி பறந்தது. மருமகன் சிரித்தான்.

அக்கா உட்கார்ந்தாள். நான்கு என்று அடித்தாள். நாற்பத்து நான்கு விழுந்தது. அழிக்கும் விசையை அழுத்தினாள். தப்பானதோடு சரியானதும் சேர்ந்து போயிற்று.

"அக்கா, இது பால்மரம் இல்ல. தொட்டா போதும் லா," என்றார் லூமுட்காரர்.

"தொட்டா விழுமா விழாதான்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தவுக்கேயிடம் கேட்டார். அந்த ஒரு மெஷினை மட்டும் பழையபடி விடலாமா என்று. முடியாது என்று வந்தது பதில். திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, இன்னொரு வரியைச் சொல்லிக் கொடுத்தார்.

"காலைல மெஷின போட்டதும் இத அடிச்சிடுங்கக்கா. அணைக்கிற வரைக்கும் மெதுவா இருக்கும். திருப்பிப் போட்டா வேகமாயிரும், மறுபடி அடிக்கணும்."

ஆனால் அந்த வரியை அடிக்க வேண்டியதே அந்த வேகமான விசைப்பலகையில்தான். அக்கா அடித்தால் ஏதாவது ஓர் எழுத்து இரட்டிக்கும். தப்பான கட்டளை என்று திரை சொல்லும். மெதுவாக்கத் தெரிந்தும் மெதுவாக்க முடியாத கை. அதனால் தினமும் காலையில், தவுக்கேயின் கார் வருமுன், நான் குனிந்து அந்த வரியை அடித்துக் கொடுப்பேன். அவள் நாற்காலியில் நேராக உட்கார்ந்திருப்பாள், பிள்ளைக்கு ஊசி போடும்போது வேறு பக்கம் பார்க்கும் தாயைப்போல. பிறகு நாள் முழுவதும் தப்பில்லாமல் அடிப்பாள். தகுதிகாண் காலம் முடிய அதிக நாள் இருக்கவில்லை.

லயத்தைக் காலி செய்யக் கொஞ்சம் அவகாசம் கேட்கத் தோட்டத்து ஆபீசுக்கு யாராவது போக வேண்டியிருந்தது. அம்மாவுக்குப் பேச வராது. அக்காவால் விடுப்புக் கேட்க முடியாது. நான் போனேன். ஆபீஸ் எழுத்தர் கிராணி என்னை வெயிலில் நிற்க வைத்து, கடைசியில் அவகாசம் கிடையாது என்றார்.

சாயங்காலம் அக்கா வழக்கத்துக்கு முன்னாலேயே லயத்துக்கு வந்திருந்தாள். நடந்ததை அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். காலையில் அந்த வரியை முயன்றிருக்கிறாள், திரும்பத் திரும்ப. கார் வந்துவிட்டது. அப்படியே வேலையைத் தொடங்கிவிட்டாள். ஒவ்வொரு வரியையும் சரிபார்த்துத் திருத்தியிருக்கிறாள், ஒன்றைத் தவிர. நாற்பத்து நான்காக விழுந்திருந்த நான்கு மூட்டை அரிசிக்குப் பெரிய லோரி லூமுட்டுக்குப் போய், படகுத்துறையில் கூலியாட்கள் காத்திருந்து, திட்டிக்கொண்டு போன் செய்திருக்கிறார்கள். தவுக்கே சத்தம் போடவில்லையாம். மேசைக்கு அருகில் வந்து மலாயில் சொன்னாராம்.

"எசோக் தா பாயா டத்தாங்." நாளைக்கு வர வேண்டாம்.

"நீ வேலைக்குப் போ," என்றாள் அக்கா என்னிடம். "உன் கை நல்ல கை."

குனோங் ராபாட் வீடு வேறு யாருக்கோ போயிற்று. செமோரில் ஒருவர் வீட்டின் பின்புறம், சமையல் புகை போக வழியில்லாத ஓர் அறை கிடைத்தது. அக்கா கம்போங் பக்கம், மலாய்க்காரர்களின் கிராமத்தை ஒட்டி, ஒரு சிறு தோட்டத்தில் மறுபடியும் கத்தியைப் பிடித்தாள்.

நான் போனேன். அக்காவின் நாற்காலிக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள், சின்னப் பெண், மழைத்தூறல்போல அடிக்கிற கை. அவள் முதல் நாள் கைப்பையை வைக்கப் போன நேரத்தில் நான் அந்த மெஷினைப் போட்டேன். குனிந்தேன். கை தன் பாட்டுக்கு அந்த வரியை அடித்துவிட்டது.

அவள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்தாள்.

"அக்கா, இந்த கீபோர்டு ரொம்ப ஸ்லோவா இருக்கு லா."

அணைத்துவிட்டுத் திருப்பிப் போடு, சரியாகிவிடும் என்றேன். அவள் அணைத்தாள்.