பெயர் நிற்கும் நேரம்

நான் டைட்டில் அமைத்த சூப்பர்ஹீரோ படத்தின் தொடக்கக் காட்சியைத் திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் போட்டு, மாணவர்கள் அலசிக்கொண்டிருந்தார்கள். கருஞ்சிவப்புத் துணியில் ஊசி ஓடி ஒவ்வொரு பெயராகத் தைக்கும். கடைசியில்தான் அது நாயகனின் மேலங்கி என்று தெரியும்.

ஒருத்தி எழுந்தாள். "சூப்பர்ஹீரோ படமல்லே மேடம்? பேரெல்லாம் எதுக்கு இவ்வளவு நேரம் நிக்குது?"

தயாரிப்பாளரும் இதையேதான் கேட்டார். நான் ஒரு நொடிகூடக் குறைக்கவில்லை.

சின்ன வயதில், இதே ஊர் ஆரியசாலையில் எங்களுக்கு மளிகைக் கடை. சினிமாவுக்குப் போனால் தியேட்டர் இருட்டிலும் அம்மாவின் சேலையில் சுக்கு மணக்கும். திருநெல்வேலியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவளுக்கு மலையாளம் பேச வரும், எழுத்து தெரியாது. ஆனால் யார் யார் எடுத்த படம் என்று தெரியாமல் பார்க்கமாட்டாள். அதனால் டைட்டிலை உரக்க வாசிப்பது ஏழு வயதில் என் வேலை.

ஒருநாள் முன்வரிசைக்காரர் திரும்பி அதட்டினார்.

"அவ வாசிக்கட்டும் அண்ணாச்சி. எனக்கு இந்த எழுத்து தெரியாதுல்லா," என்றாள் அம்மா, கொஞ்சமும் கூசாமல்.

அவர் அடங்கிவிட்டார். நீளமான ஒரு பெயர் நான் பாதி வாசிப்பதற்குள் மறைந்தபோது, மீதியை அவரே சொன்னார்.

இடைவேளையில் அம்மா பக்கத்து இருக்கைக்காரியிடம் சொன்னாள்: "அத்தனை பேரையும் எம்மவதான் வாசிச்சா."

அந்த ஒரு பெயரை நான் முழுதாக வாசிக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

மாணவி பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"ரெண்டாம் கிளாஸ் படிக்கிற பிள்ளை, அம்மாவுக்கு உரக்க வாசிச்சு முடிக்க அவ்வளவு நேரம் ஆகும்," என்றேன்.