எண் மட்டும் எழுதிய சீட்டுகள்

எண்பதுகளில் காளவாசல் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த செஸ் போட்டியில், யார் யாருடன் ஆடுவது என்று ஜோடி சேர்க்க ஒருவர் இருந்தார். சட்டைப் பையில் நான்கு பேனா. ஆட்டக்காரருக்கு ஒன்றாக எழுதிய சீட்டுகளை இடக்கையால் மறைத்துக்கொண்டுதான் அடுக்குவார். மூன்றாவது சுற்றிலும் எனக்குக் கறுப்புக் காயே விழ, சண்டைக்குப் போனேன்.

"மொத்தமே பதினோரு பேரு. சம புள்ளிக்காரங்கள மோதவிடணும், ஆடுனவனோட திரும்ப விடக்கூடாது. இதுல கலரையும் எம்புட்டுதான் மாத்துறது?" என்றவர் சீட்டுகளைத் திருப்பிக் காட்டினார். பெயரே இல்லை, எண்கள் மட்டும். "பேரு தெரிஞ்சா மனசு சாஞ்சிரும் தம்பி. யாரு எந்த நம்பருன்னே எனக்குத் தெரியாது."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சரிண்ணே, என் சீட்டு எது?" என்றேன்.

பெயர்ப் பட்டியலைப் பார்க்காமலே, என் ஏழாம் எண் சீட்டை உருவி நீட்டினார்.