மாப்பிள்ளை நம்பரே இருக்கட்டும்

மகளுக்குக் கார் வாங்குவதென்று முடிவு செய்த பிறகு, ஹைபிரிட் வாங்குவதா, முழு எலெக்ட்ரிக் வாங்குவதா என்று நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். வேறு எதற்கும் நான் இவ்வளவு யோசித்ததில்லை. மாப்பிள்ளை பார்த்தபோதுகூட மூன்றே வாரத்தில் சரி சொல்லிவிட்டேன்.

கார் அவர்கள் கேட்டதல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஒங்க பொண்ணுக்கு என்னா செய்யணும்னு ஒங்களுக்குத் தெரியாதா" என்றுதான் சம்பந்தி வீட்டில் சொன்னார்கள். அப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று ஊருக்கே தெரியும். ஆனால் நான் அதற்காக வாங்கவில்லை. எனக்கு வேறு காரணம் இருந்தது.

எனக்குப் பிறந்த ஊர் கடலூர். கல்யாணமாகிப் போனது குமராட்சி. இரண்டு பஸ் மாறினால் வந்துவிடலாம், அவ்வளவுதான் தூரம். என் அம்மாவுக்கு முடியவில்லை என்று ஆள் வந்து சொன்ன அன்று மாமியாரிடம் கேட்டேன். அவர் மாமனாரைக் கேட்கச் சொன்னார். மாமனார் வயலில் இருந்தார். வந்தவர், சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் சாப்பிட்டு, கை கழுவி, போய்வா என்று சொல்லி, நான் கடலூர் வந்து சேர்ந்தபோது தெருவில் பூ இறைந்து கிடந்தது. அம்மாவை எடுத்துவிட்டிருந்தார்கள். நர்ஸ் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவள், அதற்குப் பிறகுதான் வேலைக்கு எழுதிப் போட்டேன். என் கணவர் இறந்த பிறகு மகளோடு கடலூருக்கே வந்துவிட்டேன்.

அதனால் என் பெண்ணுக்கு ஒன்றே ஒன்று உறுதியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். தோன்றினால் யாரையும் கேட்காமல் கிளம்பி என் வீட்டுக்கு அவள் வர வேண்டும். கார் அதற்குத்தான்.

அவளைக் கொடுத்தது காட்டுமன்னார்கோயிலில். அரிசி மில் வைத்திருக்கும் குடும்பம். அவள் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். தினமும் சிதம்பரம் போய்வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கடலூர் வரைக்கும் வர வேண்டும். இதுதான் நான் நோட்டில் எழுதிவைத்த தேவை.

என் தம்பி சிதம்பரத்தில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். அவன் ஹைபிரிட் கட்சி. "அக்கா, நம்ம ஊரு ஊராவா இருக்குது? வருஷா வருஷம் புயலு. கரண்ட் போனா எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? ஹைபிரிட்னா அதுவே சார்ஜ் ஏத்திக்கும், பெட்ரோலும் ஊத்திக்கலாம். வழியில எந்த பங்க் இருந்தாலும் போதும்."

நான் விடவில்லை. புயலடித்தால் பங்க்கில் மட்டும் பெட்ரோல் கிடைக்குமா, கியூ நிற்காதா என்று கேட்டேன். அவர்கள் வீட்டு மாடியில் சோலார், மில்லில் ஜெனரேட்டர். ஊரே இருண்டு கிடந்தாலும் அங்கே விளக்கு எரியும். பெட்ரோல் என்றால் வாராவாரம் பங்க்குக்குப் போக வேண்டும். போகும்போதெல்லாம் ஏன் இவ்வளவு ஆகிறது, எங்கே சுற்றினாய் என்று யாராவது கேட்பார்கள். கரண்ட் என்றால் வீட்டுக் கரண்ட். படுக்கும்போது மாட்டிவிட்டுக் காலையில் எடுத்துக்கொண்டு போகலாம். யாரையும் கேட்க வேண்டாம். இதை நானே யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று எனக்குப் பெருமை வேறு. "நீ ஸ்பேனர் புடிக்கிறவன், ஒனக்கு இதெல்லாம் புரியாது" என்று தம்பியிடம் சொன்னேன். அந்தக் கரண்டுக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

வண்டியை எடுக்கக் கடலூர் ஷோரூமுக்கு நான், தம்பி, மகள், மாப்பிள்ளை நான்கு பேரும் போனோம். மாலை, தேங்காய், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. ஆர்.சி.யில் மகள் பெயர்தான் இருக்க வேண்டும் என்பதில் நான் கெட்டியாக இருந்தேன். இருந்தது. கடைசியில் அங்கே வேலை பார்த்தவர் ஒரு டேப்லெட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஆப்ல ஓனர் நம்பர் ஒண்ணு போடணும்மா. வண்டி எங்க நிக்குது, எவ்ளோ சார்ஜ் இருக்குது எல்லாம் அந்த நம்பர்லதான் தெரியும். யார் நம்பர் போடலாம்?"

மகள் கையில் போனை வைத்துக்கொண்டு என் பக்கத்தில்தான் நின்றாள். மாப்பிள்ளை ஓரடி தள்ளி நின்றார். அவரை வைத்துக்கொண்டு மகள் நம்பரைச் சொன்னால் நன்றாக இருக்குமா? "மாப்பிள்ளை நம்பர் போடுங்க" என்றேன்.

"எதுக்கு அத்தை, வண்டி அவளுது. அவ நம்பரே குடுங்க" என்றார் அவர்.

அவர் அப்படிச் சொன்னார். இதை நான் மறைக்க முடியாது. அந்த இடத்தில் நான் சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பந்தியில் போதும் என்று கையால் மறிப்பவருக்கு இன்னொரு கரண்டி போடாமல் நாம் விடுகிறோமா? அதே பழக்கம். "அட, நீங்க வேற. அவளுக்கு என்னா தெரியும்? மாப்பிள்ளை நம்பரே இருக்கட்டும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு பத்து எண்ணையும் சொன்னார். மகள் போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

முதல் மூன்று மாதம் நான் தரையில் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் சத்தமே இல்லாமல் வண்டி வந்து நிற்கும். மகள் இறங்குவாள். மீன் குழம்பு வைப்பேன். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுக் கதை பேசிக்கொண்டே தூங்கிப்போவோம். அவளுக்காக வாசலில் ஆள் வைத்துப் பெரிய பிளக் பாயின்ட் ஒன்றும் போட்டுவைத்தேன்.

வழியில் நடந்ததை அவள் சொல்வாள். ரசாயனக் கம்பெனிகள் இருக்கும் செம்மங்குப்பம் தாண்டும்போது மாப்பிள்ளை போன் செய்வாராம். "கம்பெனி வாடை அடிக்கும், கண்ணாடிய ஏத்திக்க" என்பாராம். சரியாக அந்த இடம் வரும்போது. எனக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. எவ்வளவு அக்கறை பார் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். எங்கே வருகிறாள் என்று அவருக்கு எப்படித் தெரிகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும்.

பிறகு வாராவாரம் என்பது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆனது. அப்புறம் மாதத்துக்கு ஒருமுறை. கல்லூரியில் வேலை ஜாஸ்தி என்றாள். நம்பினேன்.

ஒரு ஞாயிறு வந்தபோது முகமே சரியில்லை. வண்டியில் சார்ஜ் குறைவாக இருக்கிறது, திரும்பிப் போகப் பற்றாது என்றாள். அதற்கென்ன, பிளக் இருக்கிறதே என்று நானே ஒயரை எடுத்து மாட்டினேன். பிளக் பாயின்ட் போட்டு அவ்வளவு நாளாகியும் அன்றைக்குத்தான் அதற்கு வேலை வந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் அவள் போன் அடித்தது.

"இல்லைங்க… அம்மாதான் மாட்டுனாங்க… சரி… எடுத்துடுறேன்."

எழுந்து போய் ஒயரைப் பிடுங்கிவிட்டு வந்தாள்.

"என்னாடி? போட்டா என்னா?"

"வெளிய சார்ஜ் போட்டா பேட்டரி வீணாப் போயிடுமாம். விடும்மா."

நான் விடவில்லை. கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. வீட்டில் வண்டி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே அவர் தன் போனிலிருந்து நிறுத்திவிடுவார். பேட்டரிக்கு நல்லது என்பார். எண்பது சதவீதம் வரை ஏற்றலாம் என்றுதானே ஷோரூமில் சொன்னார்கள் என்று கேட்டேன். "நாப்பதும்மா" என்றாள். நாற்பது சிதம்பரம் போய்வரத் தாராளம். கடலூர் வந்து திரும்பத்தான் இழுக்கும். சிதம்பரம் எல்லையைத் தாண்டினால் அவர் போனில் மணியடிக்கும். வழியில் வேறு இடத்தில் சார்ஜ் போட்டாலும் தெரிந்துவிடும். போடக் கூடாது என்று சொல்லமாட்டார். ஏன் போட்டாய் என்று கேட்பார். பதில் சொன்னால், மறுபடியும் கேட்பார்.

"அடிச்சாரா?" என்று கேட்டேன்.

"இல்ல. கொரலகூட ஒசத்தல."

முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் நான். மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல்லிக்கொண்டு வரும் பெண்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும். இங்கே பார்க்க ஒரு காயம் இல்லை.

"நீ கெளம்பி வந்துடு. இந்த வீடு எதுக்கு இருக்குது?"

"வந்தா? என்னா பண்ணாருன்னு நாலு பேரு கேட்டா என்னா சொல்வே? நாப்பதுக்கு மேல சார்ஜ் ஏத்த வுடலன்னா?"

நான்கு மணிக்கே கிளம்பினாள். ஏசி போடாமல் மெதுவாகப் போனால் போய்விடலாம் என்றாள்.

அன்று மாலையே தம்பிக்குப் போன் செய்து அழுதேன். "நீ சொன்னதக் கேட்டு ஹைபிரிட் வாங்கியிருக்கணும்டா. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்."

"அதுலயும் இதே ஆப் இருக்குதுக்கா" என்றான். "பெட்ரோல் ஊத்துனாலும் வண்டி எங்க நிக்குதுன்னு தெரியத்தான் செய்யும். வண்டிய ஏன் திட்டுற? நம்பர் குடுத்தது யாரு?"

நான்கு மாதம் யோசித்ததில் ஒரு பிழையும் இல்லை. ஒரு நிமிஷம் மரியாதைக்காகச் சொன்னதுதான் என் பெண்ணைக் கட்டிப்போட்டது. அந்த நம்பரை மாற்றிவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றியது. மறுநாளே ஆர்.சி. நகலை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். மகளிடம் சொல்லவில்லை. எல்லாம் முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

மேசையில் இருந்த பெண் நன்றாகத்தான் பேசினாள். "மாத்தலாம்மா. பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி போவும். அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

"அது இல்லாம முடியாதா? வண்டி என் பொண்ணு பேர்லதான் இருக்குது."

"அப்ப அவுங்களே நேர்ல வந்து எழுதிக் குடுக்கணும்மா. எப்டியும் பழைய நம்பருக்கு மெசேஜ் போயிடும்." பேசிக்கொண்டே எதையோ தட்டியிருக்கிறாள். "அனுப்பிட்டேன். வந்துச்சான்னு கேளுங்க."

வேண்டாம், நிறுத்துங்கள் என்றேன். போனதை எப்படி நிறுத்துவது? நான் பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் மாப்பிள்ளை கூப்பிட்டுவிட்டார்.

"அத்தை, ஷோரூம் போயிருந்தீங்களா? எதாவது வேணும்னா எங்கிட்ட சொல்லக் கூடாதா? வெயில்ல ஏன் அலையிறீங்க?"

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, சும்மா ஒரு சந்தேகம்…"

"சரிங்க அத்தை. பாத்து வூட்டுக்குப் போங்க."

அதற்கப்புறம் ஐந்து ஞாயிறு மகள் வரவில்லை. போன் செய்தால் நன்றாக இருக்கிறேன் என்பாள், பின்னால் டி.வி. ஓடும் சத்தம் கேட்கும், வைத்துவிடுவாள். ஆறாவது ஞாயிறு நானே பஸ் ஏறினேன். சிதம்பரத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்துக் காட்டுமன்னார்கோயில் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகிவிட்டது. வண்டி உறை போட்டு போர்ட்டிகோவில் நின்றது. கல்லூரிக்கு இப்போது மில் வேன்தான் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிறதாம். வேன் எப்படியும் அந்தப் பக்கம் போகிறதே, எதற்கு வண்டியை வீணாக ஓட்ட வேண்டும் என்று அவர்தான் ஏற்பாடு செய்தாராம். சம்பந்தியம்மா சொன்னார், சந்தோஷமாகத்தான் சொன்னார்.

விருந்துக்குக் குறைவில்லை. இலை போட்டு மாப்பிள்ளையே பரிமாறினார். சாப்பிட்ட பிறகு மகளோடு சமையலறையில் இரண்டு நிமிஷம் கிடைத்தது. அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இனிமே எனக்காக எதுவும் பண்ணாதம்மா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னாள். அவள் தோளைத் தொடக் கையை நீட்டினேன். சம்பந்தியம்மா உள்ளே வந்தார். சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

கிளம்பும்போது மாப்பிள்ளை பஸ்ஸில் போக விடவில்லை. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தானே கொண்டுவந்து விடுவதாகச் சொல்லி வண்டியின் உறையைக் கழற்றினார். மகளும் வரட்டுமே என்றேன். அவளுக்கு வேலை இருக்கிறது என்றார். அவள் கதவோரம் நின்று கையசைத்தாள். வண்டி நகர்ந்தபோது திரையைப் பார்த்தேன். தொண்ணூற்றாறு சதவீதம் சார்ஜ் இருந்தது.

அருமையாக ஓட்டினார். பள்ளம் பார்த்து ஒதுக்கினார். எனக்குக் குளிருமோ என்று ஏசியைக் குறைத்தார். வழி முழுக்க என் சர்க்கரை அளவு, மருந்து மாத்திரை எல்லாம் விசாரித்தார். பஸ் ஸ்டாண்டில் என் பையைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

"எல்லாரும் ஹைபிரிட்தான் வாங்கச் சொன்னாங்களாமே. நீங்கதான் புடிவாதமா இத எடுத்தீங்கன்னு அவ சொல்வா. கரெக்டா செலக்ட் பண்ணியிருக்கீங்க அத்தை. இது வந்ததுலேருந்து அவளப் பத்தி எனக்குக் கவலையே இல்ல."

"சந்தோஷம் மாப்பிள்ளை" என்றேன்.