யூரியா சாக்கில் கருப்பு கவுனி

"…தார்ப்பாய் போட்டு மூடிட்டா மட்டும்? சாக்கு மேல யூரியானு கொட்டை எழுத்துல கீது. வர்றவருக்குப் படிக்கத் தெரியாதாய்யா?" என்று அண்ணனைக் கேட்டார் அண்ணி.

மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டியே பழகிய குடும்பம் எங்களுடையது. நிலம் நடுவாந்தரம். சிறு விவசாயிக்கான திட்டம் என்றால் எங்களுக்கு நிலம் ஜாஸ்தி; தனியாக நின்று பெரிய கடைகளோடு பேரம் பேசவோ கம்மி. இயற்கை விவசாயத் திட்டம்தான் எங்களையும் சேர்த்துக்கொண்டது. சில குடும்பங்கள் குழுவானால், இயற்கை விளைச்சல் என்ற சான்றுக்கான சோதனைச் செலவை ஆரம்ப வருஷங்களில் அரசே ஏற்கும். சான்று கிடைத்தால் கருப்பு கவுனி நெல்லை எடுத்துக்கொள்ளச் சென்னைக் கடை ஒன்று தயாராக இருந்தது. ஒரு வீட்டு நெல்லில் ரசாயனம் பட்டதாகத் தெரிந்தாலும் மொத்தக் குழுவுக்கும் சான்று நின்றுபோகலாம்.

குழுவில் முதலில் சேர்ந்தவர் அண்ணி. பக்கத்துக் கரும்புக்கு மருந்தடித்தால் வரப்பில் போய் நிற்பார்.

"காத்து எங்க பக்கம் அடிக்குது மாமா. சாயங்காலமா அடிங்களேன்."

"காத்துகிட்ட சொல்லும்மா."

"அதுகிட்ட சொல்லிட்டேன். நீங்கதான் பாக்கி."

அவர் சிரித்துவிட்டார். அதன்பிறகு சாயங்காலம்தான் மருந்தடித்தார்.

இவ்வளவும் காத்த பிறகு, அறுவடையன்று களத்தில் கோணி போதவில்லை. அண்ணன் கை வழக்கப்படி பழைய சாக்குகள் கிடந்த கொட்டகைக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் யூரியா சாக்கைத் துவைத்துக் காயவைத்து அதில்தான் நெல் கட்டுவோம். யாரும் இரண்டாவது தடவை யோசிப்பதில்லை. கடைசி சில மூட்டைகள் அப்படி ஆகிவிட்டன. விடிந்தால் சோதனை. அதிகாரி வரும் நேரத்துக்குத்தான் அண்ணி அதைப் பார்த்தார்.

"நீ சும்மா இரும்மா, எங்க பொழப்பும் இதுல கீது" என்றார் சோதனைக்காக வந்திருந்த குழுத்தலைவர்.

"அதுக்குத்தாங்க சொல்றேன். அவரா கண்டுபுடிச்சா உங்க வூட்டு நெல்லயும் நம்பமாட்டாரு."

அந்த மூட்டைகளை மட்டும் ஒதுக்கிவிட்டுப் பிற்பாடு குழுவுக்குச் சான்று கொடுத்தார்கள். இன்றைக்கு எங்கள் அரிசி சென்னைக்குப் போகிறது. என்ன அரிசி என்று யார் கேட்டாலும் 'அண்ணி அரிசி' என்றுதான் சொல்கிறேன். ஆனால் அந்த நிமிஷம் எங்களுக்கு இது எதுவும் தெரியாது. வாசலில் ஜீப் வந்து நின்றது. அண்ணன் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். அண்ணி மறுமுனையைப் பிடித்து உருவினார். நிதானமாக மடித்து அண்ணன் கையிலேயே கொடுத்துவிட்டு, "வாங்க சார், மொதல்ல இத்தப் பாருங்க" என்று அதிகாரியை நேராக அந்த மூட்டைகளிடம் கூட்டிவந்தார்.