கண்ண மூடித் தொறந்தா

பேசின் பிரிட்ஜ் அவுட்டர் சிக்னல்ல வண்டி தெனமும் நின்னுடும். ஏன் நிக்குதுன்னு கேட்டா எவனும் சொல்ல மாட்டான். எழுபதுகள்ல கரி எஞ்சின்தான். ஜன்னலத் தொறந்தா மூஞ்சி பூரா கரி, மூடினா வேர்வை. மணவாள நகர்லேர்ந்து மெட்ராஸ் ஆபீசுக்குப் போய்வந்த அத்தினி வருஷமும் நான் ரயில்வேயத் திட்டாத நாளே கெடையாது.

அப்படி நிக்கறப்பதான் லேடீஸ் பெட்டியில அந்த வெளையாட்டு ஆரம்பிச்சுது. கண்ண மூடித் தொறந்தா நெனச்ச எடத்துல நிக்கலாம். டிக்கெட் கெடையாது, நெரிசல் கெடையாது. நீ எங்க போவ?

ஆரம்பிச்சது கோயில் தெரு மாமி. தபாலாபீஸ்ல வேலை. "ஆத்துல ரசத்துக்குத் தாளிச்சுக் கொட்டிட்டு, அந்த வாசனை அடங்கறதுக்குள்ள ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுடுவேன்"னாங்க. டீச்சர், மத்தியானம் ஊட்டுக்குப் போய் கொழந்தைக்குச் சோறு ஊட்டிட்டு வந்துடுவேன்னாங்க. நான், "எங்கியோ போறேன், இந்த வண்டியில மட்டும் இருக்க மாட்டேன்"னேன். எல்லாம் சிரிச்சாளுங்க.

ஜன்னலோரத்துல ஒரு டைப்பிஸ்ட் பொண்ணு. ஏழாம் மாசம். அவளக் கேட்டோம்.

"புதுவாயலுக்குக்கா. எங்கம்மா ஊட்டுக் கொல்லைப் பக்கம். அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருக்கும். பாத்துட்டு வந்துடுவேன். உள்ள போவ மாட்டேன்."

புதுவாயல் இன்னா பம்பாயா? ரெண்டு பஸ்ஸு மாறினா போய்டலாம். வேற சாதியில கட்டிக்கினதுக்கு அவ அப்பா வாசப்படி மிதிக்காதேன்னுட்டாரு. நெலம் நீச்சு உள்ள ஊடு, வீம்பும் அத்தினி இருந்துது. கண்ண மூடித் தொறந்து போனாலும், கதவத் தொறக்க மாட்டாங்களே.

மாமிதான் மெதுவா கேட்டாங்க, "வளைகாப்பு யாருடி போடறா?"

"யாரும் இல்ல மாமி."

"நாங்க எதுக்கு இருக்கோம்?"

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில, ஓடுற வண்டியிலயே போட்டோம். மாமி புளியோதரை, டீச்சர் தயிர்சாதம், எங்கம்மா செஞ்சு குடுத்த தேங்காசாதம். மொதல்ல வேப்பிலைக் காப்பு, அப்புறம் கண்ணாடி வளையல். கன்னத்துல சந்தனம். திருநின்றவூர்ல ஏறின பொம்பளைங்க யாருன்னே தெரியாதவங்க, அவங்களும் ஆளுக்கு ரெண்டு வளையல் போட்டாங்க. வெளையாட்டுல கேட்ட அந்தக் கண்ண மூடித் தொறக்கற வரம் கெடச்சிருந்தா, இவ நேரா ஆபீஸ்ல போய் நின்னிருப்பா. இவ யாரோ, நாங்க யாரோ. அன்னிக்கு ஒரு நாள் நான் ரயில்வேயத் திட்டல.

ரெண்டு கை நெறைய வளையலோட ஆபீசுக்குப் போனா. சாயந்திரம் அதே பெட்டிக்கு வந்தா. புட்லூர் தாண்டினதும் மாமி நெத்தியில அடிச்சுக்கினாங்க.

"வளை போட்டா பொறந்தாத்துக்கு அழைச்சுண்டு போகணுமேடி. புளியோதரை வரைக்கும் யோசிச்சோம், இத விட்டுட்டோமே."

சொல்லிட்டு மாமி தலையக் குனிஞ்சுக்கினாங்க. அவங்க ஊட்டுல மாமியார், மடி, ஆசாரம். கூப்புட முடியாதுன்னு அவங்களுக்கே தெரியும். டீச்சருக்கு ஒத்த ரூம்பு, அதுல மாமனாரும் மாமியாரும். அந்தப் பொண்ணு வளையல் சத்தம் கேக்காம முந்தானையால கைய மூடிக்கினு, "பரவால்ல மாமி, அவரு சைக்கிள்ல வந்திருப்பாரு, போய்க்கிறேன்"னா. அந்தப் பரவால்லயக் கேட்டு எனக்குக் கோவம் பொத்துக்கினு வந்துது. யாரு மேலன்னு தெரியல.

எங்க ஸ்டேஷன்ல எறங்கினதும் அவ கையப் புடிச்சேன். "கண்ண மூடு."

"இன்னாக்கா?"

"மூடுன்னா மூடு."

மூடினா. அப்படியே தெருவுல கூட்டிக்கினு நடந்தேன். பள்ளம் வந்தா சொன்னேன், கல்லு வந்தா சொன்னேன். ஸ்டேஷன் வாசல்ல நின்ன அவ புருஷன் சைக்கிளத் தள்ளிக்கினு பின்னால வந்தாரு. வழி நெடுக வளையல் குலுங்கிச்சு. கடைக்காரங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க.

"எங்க போறோம்க்கா?"

"பேசாம வா."

எங்க ஊட்டு வாசல்ல நிறுத்தினேன். உள்ள எங்கம்மா அரிசியில கல்லு பொறுக்கிக்கினு இருந்தாங்க. கூட்டிக்கினு வருவேன்னு நான் சொல்லி வைக்கல. நிமுந்து வயித்தப் பாத்தாங்க, வளையலப் பாத்தாங்க, காஞ்சு போன சந்தனத்தப் பாத்தாங்க. யாரு என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல.

"அங்கியே இரும்மா, ஆரத்தி கரைச்சிக்கினு வர்றேன்"னுட்டு உள்ள போனாங்க. வந்து சுத்தினாங்க, நெத்தியில பொட்டு வச்சாங்க.

"இப்பத் தொற"ன்னேன்.

தொறந்தா. தட்டப் பாக்கல, என்னப் பாக்கல. எங்கம்மாவையே பாத்துக்கினு இருந்தா.

"வலது கால வச்சு உள்ள வா"ன்னாங்க எங்கம்மா.

"வந்துட்டேன்மா"ன்னா அவ.