எட்டரைக்கு முதல் பாத்த வெள்ளம்

வெளிக்கள உத்தியோகம் எண்டால் வயல் வெளியில நிக்கிற வேலை எண்டு நினைச்சுத்தான் நானும் சேர்ந்தன். சேர்ந்த பிறகுதான் தெரிஞ்சுது, இது வரவு பதியிற மிசினில விரல் வைக்கிற வேலை. காலமை பிள்ளைக்குத் தலை இழுத்துப் பின்னினது பாதி, சாப்பிட்டது பாதி, ஹெல்மெட்டைக் கொழுவிக்கொண்டு பறக்கிற ஆக்களுக்கு என்ர கதை விளங்கும். மற்றவை சிரிச்சுப்போட்டுப் போங்கோ.

விரல்

எனக்கு வீடு கண்டாவளை. பயிரழிவு பாத்து எழுதுற என்ர பிரிவும் கண்டாவளைதான். ஆனால் அலுவலகம் கிளிநொச்சியில. விடிய என்ர பிரிவுக்குள்ளாலயே ஸ்கூட்டி ஓடி, பரந்தன் சந்தியில படுத்துக் கிடக்கிற மாடுகளைக் கெஞ்சி எழுப்பி, எட்டரைக்கு முதல் கிளிநொச்சியில விரலை வைச்சுப்போட்டு, அதே றோட்டால திரும்பி வரவேணும். பின்னேரமும் போய் விரல் வைச்சால்தான் அண்டைக்கு நான் வேலை செய்தனான்.

போன மாரியில ஒரு திங்கக்கிழமை விடிய, என்ர பிரிவில றோட்டோரம் கிடக்கிற நடராசண்ணையின்ர வயல் தாண்டுபோய்க் கிடந்தது. முளைச்ச ரெண்டு ஏக்கரும் தண்ணிக்குள்ள. மனுசன் வரம்பில நிண்டு கையைக் காட்டினார். உத்தியோகத்தர் நேரில பாத்து எழுதினால்தான் அவருக்குத் திரும்ப விதைக்க விதைநெல் கிடைக்கும். இறங்கி ரெண்டு படம் எடுத்தன். அதால விரல் வைக்க எட்டு முப்பத்திரண்டு ஆகீட்டுது. மிசினுக்குப் பக்கத்தில இருக்கிற கிளாக்கர் தங்கச்சி நல்ல அன்பாத்தான் சொன்னா: "அரைநாள் லீவு போகுது அக்கா. வெள்ளத்தை எட்டரைக்குப் பிறகு பாத்திருக்கலாமே."

ஒப்பம்

வெளியில போறதெண்டால் புத்தகத்தில மேலதிகாரி ஒப்பம் வைக்க வேணும். அவர் திங்கள் முழுக்கக் கூட்டத்தில. என்ன கூட்டம்? வெள்ளப் பாதிப்பைக் கெதியாப் பதியிறது எப்பிடி எண்ட கூட்டம். சத்தியமா, வாயில வந்த சொல்லை இதில எழுதேலாது. பின்னேரம் வந்தவரிட்டப் போனில இருந்த படத்தைக் காட்டினன். மூலையில 7.48 எண்டு நேரம் கிடந்தது. பாத்திட்டுப் போனைத் திருப்பித் தந்தார். "இது நீங்கள் வேலைக்கு வாற வழியில பாத்தது, மிஸ். கடமையில பாத்ததில்லை."

டிப்பர்

செவ்வாய் ஒப்பம் கிடைச்சுது. அரைவாசி வழி வந்திட்டன். பின்னால ஒரு மணல் டிப்பர், எதிரில பஸ் வாறதையும் பாராமல் என்னை முந்தினான். நான் ஸ்கூட்டியோட வாய்க்காலுக்குள்ள. முழங்கால் உரிஞ்சு, எஞ்சினுக்குள்ள தண்ணி போய், அண்டையான் பாடு முடிஞ்சுது. அவன் நிப்பாட்டி எட்டிப் பாத்தான். இறங்கித் தூக்கிவிடப் போறான் எண்டு நினைச்சன், என்ர மடத்தனம். "நாங்கள் வேலையாப் போறம் அக்கா. நீங்கள் ஓரமா ஓடுங்கோ."

வெயில்

புதன் விடிய பஸ் யன்னலால பாத்தன், தண்ணி அப்பிடியே நிண்டது. ஆனால் செவ்வாய்க்கு வாங்கின ஒப்பம் புதனுக்குச் செல்லாதாம். புது ஒப்பம் வியாழக்கிழமைதான் வந்தது. விரல், ஒப்பம் எல்லாம் முறைப்படி முடிச்சுப்போட்டுப் பத்து மணிக்கு நடராசண்ணையின்ர வரம்பில போய் நிண்டன். நல்ல வெயில். தண்ணி வடிஞ்சு வெறும் சேறு. படிவத்தில 'நேரில் கண்ட நீர்மட்டம்' எண்டொரு கட்டம். திங்கள் கண்டதைத்தான் நேரத்தோட எழுதினன். பின்னேரமே அலுவலகத்தில அதைச் சிவப்புப் பேனையால வெட்டி, பூச்சியம் போட்டுத் தந்தினம். விதைநெல் இல்லை.

வெள்ளி விடிய அதைச் சொல்ல, திருத்தி எடுத்த ஸ்கூட்டியை நடராசண்ணையின்ர வரம்படியில நிப்பாட்டினன். ஏசட்டும், வாங்கிக்கொண்டு போவம் எண்டுதான் நிண்டன். ஏசினால் எனக்கும் ஆறியிருக்கும். அவர் ஏசேல்லை.

"இனி விடிய போகேக்க என்ர வயலைப் பாக்காமல் போ பிள்ளை. நீ பாத்திட்டுப் போறதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு."

ஏழு வருசத்தில இந்த உத்தியோகம் எனக்குப் பழக்கினது ஒண்டே ஒண்டு, எட்டரை மணிவரைக்கும் கண் தெரியாமல் ஸ்கூட்டி ஓடுறது.