எங்கள் வீட்டுக் கழிவுநீர் போன இடம்

இன்று நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன்.

நாளை பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் நான் பேசும் தலைப்பு, ‘வைகையைக் காக்கும் சுத்திகரிப்பு நிலையம்’. அதைப் பார்க்க இன்று வகுப்போடு போயிருந்தோம். சாக்கடைத் தண்ணீருக்குள் காற்றை ஊதுகிறார்கள். அந்தக் காற்றால் நல்ல கிருமிகள் பெருகி அழுக்கைத் தின்கின்றன. கடைசித் தொட்டியிலிருந்து தெளிந்த தண்ணீர் ஆற்றுக்குப் போகிறது. எனக்குக் கைதட்டத் தோன்றியது.

வீடு திரும்பியபோது, எங்கள் செப்டிக் டேங்கை உறிஞ்ச, பின்பக்கம் பச்சை மயில் வரைந்த லாரி வந்திருந்தது. எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இல்லை.

“இதை எங்கண்ணே கொண்டு போவீங்க?”

“சுத்தம் பண்ற எடத்துக்குத்தான் பாப்பா,” என்றார் ஓட்டுநர். அப்பாவும் தலையாட்டினார்.

டியூஷனுக்குச் சைக்கிளில் பாலம் ஏறினால், கீழே அதே லாரி. பின்பக்கம் அதே பச்சை மயில். அதன் குழாய் வைகைக்குள் கிடந்தது.

கூட வந்த தோழி மூக்கைப் பொத்தினாள். “எந்த வீட்டுதோ, ச்சீ!”

நான் சைக்கிளை வேகமாக மிதித்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் அதிரவே இல்லை.

“தெரியும்த்தா. அம்புட்டுத் தூரம் எவன் போவான்?”

“என் பேச்சைத் திருத்திக் குடுத்தது நீங்கதானப்பா!”

“பேச்சு நல்லாத்தான இருக்கு? அப்படியே பேசு.”

நாளை நான் எதைப் பேசட்டும்? விடிவதற்குள் யாராவது சொல்லுங்கள். திருத்தி எழுத உட்கார்ந்தேன். அப்பா வந்து விளக்கை அணைத்துவிட்டார்.